மண்வெட்டும் இயந்திரமும் பழுது எண்ணும்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே சென்று, பாலக்காட்டுப் பெருஞ்சாலையை விட்டுச் சற்றே விலகினால் வேலந்தாவளம் என்னும் சிற்றூரை அடையலாம். தமிழ்நாடும் கேரளமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் எல்லையூர் அது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. வீட்டுத் திண்ணையில் தமிழ் ஒலிக்கும். அலுவலகப் பலகையில் மலையாளம் விளங்கும். கேரளம் என்றவுடன் ஓயாத மழையையே எண்ணுகின்ற நமக்கு இக்கிழக்குப் பகுதி வியப்பளிப்பது. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊராட்சிகளில் மழை குறைவு. கோடை வந்தால் கிணறுகள் வறண்டுபோகும். ஆகவே, பருவமழைக்கு முன்பாகக் குளங்களைத் தூர் வாருவதும், வாய்க்கால்களை ஆழப்படுத்துவதும் இங்கே உயிர்நாடியான பணிகள்.

இவ்வூரில் ஒரு வேடிக்கை உண்டு. நீண்ட கையும் இரும்புக் கூடையும் கொண்டு மண்ணை வாரும் அந்தப் பெரிய இயந்திரத்தைத் தமிழ்நாட்டுப் பக்கத்தார் 'பொக்லைன்' என்பர்; கேரளப் பக்கத்தார் 'ஹிட்டாச்சி' என்பர். முன்னது பிரெஞ்சு நாட்டுக் கம்பெனியொன்றின் பெயர். பின்னது ஜப்பானியப் பெயர். இயந்திரத்தை எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் ஊரார் வைத்த பெயர் மாறுவதில்லை. ஆனால், இயந்திரம் பழுதுற்று நிற்கும்போது அதன் முகப்பில் தோன்றும் எண் இருக்கிறதே, அஃது எல்லையின் இருபுறத்தார்க்கும் ஒன்றுதான். அவ்வெண்ணைப் படித்தறிவது எவ்வாறு என்பதைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

உங்களில் பலர் இத்தொழிலோடு தொடர்புடையவர்கள். திருச்செங்கோட்டு ஆழ்குழாய்க் கிணற்று வண்டிகள் நாடெங்கும் செல்கின்றன. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் மராட்டியத்திலும் மண்வாரி இயந்திரம் ஓட்டும் தமிழிளைஞர் ஏராளமானோர். 1964-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் என்னும் நிறுவனம், தமிழர் பெருகி வாழும் கோலார் தங்கவயலில் இத்தகைய இயந்திரங்களைச் செய்து வருகிறது. 2010 முதல் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டிலும் அதற்கு ஒரு தொழிற்சாலை உண்டு. ஆகவே, இஃது உங்கள் சோற்றைப் பற்றிய பேச்சு என்றே கொள்ளலாம்.

சில கோடைகளுக்கு முன்பு வேலந்தாவளத்துக்கு அருகில் ஒரு குளக்கரையில் நாம் கண்ட நிகழ்ச்சியை முதலில் கூறுகிறோம். தூர் வாரிக்கொண்டிருந்த இயந்திரம் ஒன்று மூன்று நாள்களாகச் சரியாக உழைக்கவில்லை. கூடை வெறுமையாக இருக்கும்போது நன்றாக ஓடும். மண்ணை வாரி உயர்த்தும்போது எஞ்சின் திணறும். மஞ்சள் விளக்கு எரியும். முகப்பில் ஓர் எண் தோன்றும். மழை வருமுன் வேலையை முடித்தாக வேண்டும். இயந்திரத்தின் உரிமையாளரோ வங்கிக் கடனில் அதை வாங்கியவர். மாதத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் வந்த பழுதுபார்ப்பவர் ஒரு சென்சாரை மாற்றினார். பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்று. மறுநாள் அதே எண் மீண்டும் தோன்றியது. பிறகு பேச்சு வேறு திசையில் திரும்பிற்று. ஓட்டுநர் டீசலை விற்றுவிட்டு, அதற்கு ஈடாக மண்ணெண்ணெயைக் கலந்திருப்பார் என்று யாரோ சொன்னார்கள். ஓட்டுநர் தருமபுரிப் பக்கத்து இளைஞர். அவ்வூரில் அவருக்கு உற்றார் ஒருவருமில்லை. பாதி மாதச் சம்பளம் நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் எவரோடும் வழக்காடவில்லை. இயந்திரத்தின் நிழலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து முதிய எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். அவர் கையில் ஒரு மல்டிமீட்டரும், முழ நீளமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயும் இருந்தன. அவர் இயந்திரத்தைத் தொடவில்லை.

"தம்பி, அந்த எண் என்னன்னு முதல்லே வாசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"நூத்தி அம்பத்தேழு, பதினெட்டுங்க ஐயா" என்றார் இளைஞர்.

"சென்சாரை மாத்துறதுக்கு முன்னாலேயும் இதேதானுங்களா?"

"இதேதானுங்க."

பெரியவர் தலையசைத்தார். "அப்படின்னா பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்குது" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குரிய காரணத்தை விளங்கிக்கொண்டால் இக்கலையின் பாதியை அறிந்தவர்களாவோம்.

முற்காலத்து டீசல் எஞ்சினில் பழுதைக் காதாலும் கண்ணாலும் கண்டறிந்தார்கள். கரும்புகை வந்தால் ஒரு பொருள். வெண்புகை வந்தால் மற்றொரு பொருள். இன்றைய எஞ்சினிலோ சிறிய கணிப்பொறி ஒன்று அமர்ந்திருக்கிறது. டீசலை எப்பொழுது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை நொடிதோறும் அதுவே முடிவு செய்கிறது. புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் இதற்கு ஒரு காரணம். சக்கரமுள்ள கட்டுமான இயந்திரங்களுக்கு நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் கடுமையான நான்காம் படி விதிகள் நடைமுறைக்கு வந்தபின், மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத புதிய எஞ்சினைக் காண்பது அரிதாயிற்று.

அக்கணிப்பொறிக்குக் கண்ணும் காதுமாக இருப்பவை சென்சார்கள். பெரும்பாலானவற்றுக்குக் கணிப்பொறி 5 வோல்ட்டு மின்சாரம் அளிக்கிறது. அழுத்தத்தை அளக்கும் சென்சார், தான் கண்டதற்கு ஏற்ப ஏறத்தாழ அரை வோல்ட்டு முதல் நாலரை வோல்ட்டு வரையில் விடையளிக்கும். இவ்வெல்லைக்குள் விடை வந்தால் சாட்சி தெளிவாகப் பேசுகிறார் என்று பொருள். 5 வோல்ட்டை ஒட்டியோ, பூச்சியத்தை ஒட்டியோ விடை வந்தால் சாட்சியின் வாயை யாரோ பொத்திவிட்டார்கள் என்று பொருள். அதாவது, கம்பி அறுந்திருக்கலாம், அல்லது ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம்.

கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கும் ஒரு வழி தேவை. ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1986-ஆம் ஆண்டில் 'கேன்' என்னும் இணைப்பு முறையை உலகுக்கு அறிவித்தார்கள். முறுக்கிய இரண்டே கம்பிகளில் எஞ்சின், ஹைட்ராலிக், முகப்புத் திரை ஆகிய யாவும் உரையாடும் முறை அது. பின்னர் அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தார் கனரக வண்டிகளுக்காக 'ஜே 1939' என்னும் பொது இலக்கணத்தை வகுத்தார்கள். அவ்விலக்கணத்தின்படி ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண், எந்த உறுப்பு அல்லது எந்த அளவு என்பதைக் கூறும், இதனை எஸ்.பி.என். என்பர். இரண்டாம் எண், அது எவ்வாறு கெட்டது என்பதைக் கூறும், இதனை எஃப்.எம்.ஐ. என்பர். சில கம்பெனியார் தமக்கெனத் தனி எண்களை வைத்திருப்பதும் உண்டு. அவற்றுக்கும் கையேட்டில் பொருள் காணலாம்.

முதல் எண்ணுக்குச் சில எடுத்துக்காட்டுகள்: 100 என்பது எஞ்சின் ஆயிலின் அழுத்தம், 110 என்பது குளிர்நீரின் வெப்பம், 157 என்பது டீசல் பொதுக்குழாயின் அழுத்தம், 168 என்பது பேட்டரியின் மின்னழுத்தம், 190 என்பது எஞ்சினின் சுழற்சி வேகம், 639 என்பது நாம் சொன்ன இரட்டைக் கம்பி இணைப்பு.

நம்மவர் பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் உயிர் இரண்டாம் எண்ணிலேதான் இருக்கிறது. 0 என்றால், அளவு மெய்யாகவே மிகவும் உயர்ந்துவிட்டது. 1 என்றால், மெய்யாகவே மிகவும் தாழ்ந்துவிட்டது. 16, 18 என்பவை இவற்றையே சற்று மிதமாகக் கூறுபவை. 2 என்றால், விடை நிலையின்றித் தடுமாறுகிறது. 3 என்றால் மின்னழுத்தம் அளவுக்கு மேல். 4 என்றால் அளவுக்குக் கீழ். 5 என்றால் மின்னோட்டம் குறைவு, பெரும்பாலும் கம்பி அறுபட்டிருக்கும். 6 என்றால் மின்னோட்டம் மிகுதி, பெரும்பாலும் எர்த்தோடு ஒட்டியிருக்கும். 7 என்றால், ஆணை சென்றும் இயந்திர உறுப்பு அசையவில்லை. 9 என்றால், வரவேண்டிய செய்தி உரிய காலத்தில் வரவில்லை.

ஆகவே, 110-உடன் 0 தோன்றினால், தண்ணீர் உண்மையாகவே கொதிக்கிறது. ரேடியேட்டரையும் விசிறிப் பட்டையையும் பாருங்கள், சென்சாரை மாற்றாதீர்கள். அதே 110-உடன் 3 தோன்றினால், எஞ்சின் குளிர்ந்தே இருக்கலாம். கம்பியையும் கனெக்டரையும் பாருங்கள். ரேடியேட்டரைக் கழுவிப் பயனில்லை. ஓர் எண் மாறினால் வேலையே மாறிவிடுகிறதன்றோ?

இப்பொழுது குளக்கரைக்குத் திரும்புவோம். 157, 18 என்றால், டீசல் அழுத்தம் மெய்யாகவே குறைந்துள்ளது. சாட்சி தெளிவாகப் பேசுகிறார். அவர் சொல்லும் செய்தியே தீயது. அப்படியிருக்கச் சாட்சியை மாற்றியதால் என்ன பயன்? டீசல் ஏன் வந்து சேரவில்லை என்றே ஆராய வேண்டும். வடிகட்டி அடைத்திருக்கலாம், தொட்டியின் அடியில் குப்பை சேர்ந்திருக்கலாம், வழியில் காற்றுப் புகலாம். பெரியவர் எஞ்சினை நிறுத்தச் செய்து, தொட்டிக்கும் நீர்பிரிக்கும் வடிகட்டிக்கும் அப்பால், உறிஞ்சு குழாயின் இடையே தாம் கொண்டுவந்த கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். எஞ்சினை ஓட்டியதும், டீசலோடு சிறுசிறு குமிழிகள் ஓடுவதை நாங்கள் அனைவரும் கண்டோம். குமிழியைப் பின்தொடர்ந்து சென்றபோது, பழைய ரப்பர் குழாயொன்று கிளாம்புக்கு அடியில் வெடித்திருந்தது தெரிந்தது. டீசல் வெளியே ஒழுகவில்லை. காற்று உள்ளே புகுந்தது. குழாயை மாற்றினார்கள். கூடை நிறைய மண்ணோடு இயந்திரம் திணறாமல் உயர்ந்தது.

உரிமையாளர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அந்த இளைஞரிடம் சென்று, நிறுத்தி வைத்த சம்பளத்தை எண்ணிக் கொடுத்தார். இரண்டு எண்களைச் சரியாக வாசித்ததால் ஒரு மனிதரின் மானம் மீண்டது. அயலூரில் உழைப்பவர்க்கு அதைவிடப் பெரிய செல்வம் யாது?

இனி, பழுது எண் தோன்றினால் செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, விளக்கின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் வேலையை அக்கணமே நிறுத்திக் கூடையைத் தரையில் இறக்கி எஞ்சினை அணைத்துவிடுங்கள். குறிப்பாக 100-உடன் 1 தோன்றினால், 'இன்னும் இரண்டு கூடை வாரிவிடலாம்' என்று எண்ணாதீர்கள். ஆயில் அழுத்தமின்றி ஓடும் எஞ்சின் சில நிமிடங்களில் பாழாகிவிடும்.

இரண்டாவது, எண்ணை அழிக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள். இப்பொழுது நிகழும் பழுது எது, முன்பு நிகழ்ந்து மறைந்தது எது என்பதை இயந்திரம் தனித்தனியே காட்டும். எத்தனை முறை நிகழ்ந்தது என்பதையும் பல இயந்திரங்கள் காட்டும். இவற்றைக் குறிக்காமல் அழிப்பது, களவு நடந்த வீட்டில் காலடித் தடத்தைப் பெருக்கித் தள்ளுவது போலாகும்.

மூன்றாவது, பேட்டரியையும் எர்த்தையும் பாருங்கள். பெரிய இயந்திரங்களில் 24 வோல்ட்டு முறையே வழக்கம். பேட்டரி முனையில் உப்புப் பூத்தாலோ, எர்த் கம்பி தளர்ந்தாலோ, தொடர்பில்லாத பல எண்கள் ஒரே சமயத்தில் தோன்றும். அப்போது ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே துரத்தினால் நாளெல்லாம் வீணாகும். பல சென்சார்களுக்குப் பொதுவான 5 வோல்ட்டுக் கம்பி ஓரிடத்தில் எர்த்தோடு ஒட்டினாலும் இதே குழப்பம் நேரும். ஒரு வீட்டில் ஒரு விளக்கு அணைந்தால் பல்பைப் பார்க்கிறோம். எல்லா விளக்குகளும் அணைந்தால் மெயின் சுவிட்சைத்தானே பார்க்கிறோம்?

நான்காவது, கம்பியையும் கனெக்டரையும் பாருங்கள். கட்டுமான இயந்திரம் ஓயாமல் அதிர்வது. இரும்பு விளிம்பில் உரசிக் கம்பியின் தோல் தேயும். பாலக்காட்டுப் புழுதி கனெக்டருக்குள் புகும். இடுக்கி மலையில் மழைநீர் புகும். வேலையின்றி நிற்கும் இயந்திரத்தில் எலி புகும். சந்தேகமான இடத்தில் கம்பியை மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் வந்து மறைந்தால் இடம் அகப்பட்டுவிட்டது. கம்பியின் தோலில் ஊசியால் குத்தி அளக்காதீர்கள். அந்தத் துளை வழியே நீர் புகுந்து நாளைக்குப் புதிய பழுதை உண்டாக்கும்.

ஐந்தாவது, எளிய சோதனை ஒன்று. குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரில் இரண்டு கம்பிகள் இருக்கும். 110-உடன் 4 தோன்றுகிறதென்று வைத்துக்கொள்வோம். கனெக்டரைக் கழற்றுங்கள். இரண்டாம் எண் 4 மாறி 3 ஆனால், கம்பியும் கணிப்பொறியும் நலம், சென்சாரே கெட்டது. கழற்றிய பின்னும் 4 ஆகவே நின்றால், சென்சார் குற்றமற்றது. கம்பி எங்கோ ஒட்டியிருக்கிறது. காசு செலவில்லாத சோதனை இது.

ஆறாவது, முகப்புத் திரையும் எஞ்சினும் பேசாமல் போனால் இரட்டைக் கம்பியைச் சோதிக்க வேண்டும். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, இரண்டு கம்பிகளுக்கும் இடையே மீட்டரை வைத்தால் 60 ஓம் காட்டுவது நலம். 120 காட்டினால் ஒரு முனைத் தடை இல்லை, அல்லது கம்பி அறுந்துள்ளது. பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டன.

இவ்வளவும் பார்த்த பின்னரே உறுப்பை மாற்றுவதைப் பற்றி நினைக்க வேண்டும். விலையுயர்ந்த கணிப்பொறியை மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

செய்யத்தகாதன சிலவும் உண்டு. டீசல் பொதுக்குழாயில் வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். எஞ்சின் ஓடும்போது அங்கே ஒரு நட்டையும் தளர்த்தாதீர்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிபோல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றால், சிறு புள்ளியாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; காலம் தாழ்த்தினால் கையையே இழக்க நேரும். கூடையில் வெல்டிங் செய்யுமுன் பேட்டரியைத் துண்டித்து, கணிப்பொறியின் கனெக்டர்களைக் கையேடு சொல்லும் முறையில் கழற்றிவிடுங்கள். வேகமாக நீர் பீய்ச்சிக் கழுவும்போது கனெக்டரின்மீது அடிக்காதீர்கள். பாதுகாப்புக்கென அமைந்த சுவிட்சு பழுதென்று எண் காட்டினால், இரண்டு கம்பிகளையும் முறுக்கி இணைத்து இயந்திரத்தை ஏமாற்றாதீர்கள். ஓட்டுநர் இருக்கையருகே உள்ள பூட்டுக் கைப்பிடி வேலை செய்யாத இயந்திரத்தில், ஏறும்போது முழங்கை பட்டாலும் இரும்புக் கை அசையும். கீழே நிற்பவர் உயிர் போகும்.

இவையெல்லாம் வெறும் இயந்திர நுணுக்கந்தானே என்று எண்ணிவிட வேண்டாம். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவில், இடுக்கி மாவட்டத்து மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்து, 70 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். அந்த மழையிலும் சேற்றிலும் மண்வாரி இயந்திரங்களே மண்ணை அகற்ற வேண்டியிருந்தன. அத்தகைய வேளையில், நனைந்த கனெக்டர் ஒன்றினால் இயந்திரம் நின்றுபோனால் அதன் விலை ரூபாயில் அடங்குவதன்று.

மலம்புழை அணையை நினைத்துப் பாருங்கள். பாலக்காட்டுப் பகுதி சென்னை மாநிலத்தோடு இருந்த காலத்தில் கட்டப்பெற்று, 1955-இல் அன்றைய முதலமைச்சர் காமராசரால் திறந்துவைக்கப்பட்ட அணை அது. பல்லாயிரம் கைகளின் உழைப்பு அன்று செய்ததை, இன்று ஒருவர் இருக்கையில் அமர்ந்து இரண்டு கைப்பிடிகளை அசைத்துச் செய்கிறார். அவர் பொறுப்பும் அந்த அளவுக்குப் பெருகிவிட்டது.

அன்பர்களே, வேற்று மொழி வழங்கும் ஊரில் இருக்கிறோமே என்று தயங்க வேண்டாம். பழுது எண்ணுக்கு மொழி வேற்றுமை இல்லை. சட்டைப் பையில் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாள், இயந்திரம் ஓடிய மணி, தோன்றிய இரண்டு எண்கள், விளக்கின் நிறம், அப்போது என்ன வேலை நடந்தது, முடிவில் எது பழுதென்று தெரிந்தது என்பவற்றை எழுதி வாருங்கள். கையில் தொலைபேசி இருந்தால் முகப்பைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் அந்நோட்டே உங்களுக்கு ஆசிரியராகும். உங்கள்மீது வீண் பழி வந்தால் அதுவே சாட்சியுமாகும். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பயிற்சி பெற்றவர்கள் மின்னளவு பார்ப்பதையும் பழகிக்கொண்டால், ஓட்டுநர் வேலையிலிருந்து பழுதுபார்க்கும் வேலைக்கு உயரும் வழியும் திறக்கும்.

வேலந்தாவளத்துக் குளத்தைச் சென்ற ஆண்டு மழைக்குப் பின் மீண்டும் சென்று பார்த்தோம். கரையைத் தொட்டுத் தண்ணீர் நின்றது. அந்தத் தருமபுரி இளைஞர் இப்பொழுது வேறு மாநிலத்தில் வேலை செய்வதாகக் கூறினார்கள். அவர் புறப்பட்டபோது பெரியவரிடம் கேட்டு வாங்கிச் சென்றது அந்த முழ நீளக் கண்ணாடிக் குழாயைத்தானாம்.